அரை ஏக்கர் ஆசையும் கிராண்டில் உள்ள எழுத்தும்

வாசகர் கேள்வி பதில்: நிலம், வீடு, தோட்டப்புற வாழ்க்கை

(பதில் எழுதுபவர் நில அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறார்.)

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஷா ஆலாமில் இருக்கிறேன். வயது 57. ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ஆசை. 10 ஏக்கர் பழைய பால்மரக்காட்டை (ரப்பர் தோட்டத்தை) 20 துண்டுகளாகப் பிரித்து, அரை ஏக்கர் 85,000 ரிங்கிட் என்று விற்கிறார்கள். இப்போதைக்கு உடன்படிக்கை மட்டும் கையெழுத்தாகும், தனி கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) பிறகு வரும் என்கிறார்கள். இடம் பிடித்து வைக்க 5,000 ரிங்கிட் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— ஷா ஆலாம் வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கட்டியிருந்தால், ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்து தருகிறவராக இருக்கக் கூடாது.

இதற்குச் சட்ட நுணுக்கம் எதுவும் தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும். 10 ஏக்கர் என்பது ஏறத்தாழ 4.05 ஹெக்டர். விவசாய வகையில் உள்ள நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது 0.4 ஹெக்டருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரிக்க 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு இடம் கொடுப்பதில்லை. அந்த அளவு ஒரு ஏக்கருக்குச் சற்றே குறைவு. ஆகவே தாளில் கோடு போட்டுப் பார்த்தாலே அந்த நிலம் 10 துண்டுக்கு மேல் தாங்காது. உள்ளே போய்வரச் சாலைக்கு இடம் விட்டால் எட்டோ ஒன்பதோதான் தேறும். 20 துண்டு என்று சொல்பவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம்; அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

துண்டாக்காமல், ஒரே கிராண்டில் 20 பேரையும் பங்குதாரர்களாகப் பதிந்துவிடுவோம் என்று அடுத்து ஒரு வழி சொல்வார்கள். அதையும் 205-ஆம் பிரிவு மறிக்கிறது. ஒருவர் பங்கு அந்த 0.4 ஹெக்டருக்குக் கீழே இறங்கும்படியான பெயர்மாற்றத்தை விவசாய நிலத்தில் பதிவு செய்ய மாட்டார்கள். அந்த வாசலும் அடைபட்டபின் மூன்றாவதாக வருபவைதான் அறக்கட்டளைப் பத்திரம், 'சுராட் குவாசா வக்கில்' எனப்படும் பகர அதிகாரப் பத்திரம், ஒரு செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியின் பங்குச் சான்றிதழ் ஆகியவை. கம்பெனிப் பங்கு வாங்கினால் நீங்கள் கம்பெனியின் பங்குதாரர் ஆவீர்களே தவிர நிலத்தின் சொந்தக்காரர் ஆக மாட்டீர்கள். அந்தக் கம்பெனி கடனில் விழுந்தால் நிலம் கடன் கொடுத்தவருக்குப் போகும். பகர அதிகாரப் பத்திரமோ இன்னொருவர் பெயரில் உள்ள நிலத்தை அவருக்காகக் கையாளும் அனுமதிதான். அது பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றாது. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நிலம் என்பதுதான் இந்த நாட்டு முறையின் அடித்தளம். வேலி போட்டு, வாழை நட்டு, பிள்ளையார் வைத்துக் கும்பிட்டாலும் அது மாறாது.

மலாய்க்காரர்கள் இப்படிப்பட்ட துண்டுகளுக்கு 'லோட் லிடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிடி என்றால் தென்னை ஈர்க்கு. வரைபடத்தில் அந்த ஒல்லித் துண்டுகளைப் பார்த்தால், விளக்குமாற்றைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்ததுபோல்தான் தெரியும். பெயர் வைத்தவருக்கு நல்ல கண்.

"கட்டட வகைக்கு மாற்றித் தனித்தனி கிராண்டு எடுத்துத் தருவோம்" என்று அவர்கள் சொல்லக்கூடும். அது நடக்கவே நடக்காத காரியம் அல்ல. 124-ஆம் பிரிவின் கீழ் நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பிக்கலாம். மாநில அரசு சம்மதித்தால் அதற்கு அரசு கேட்கும் கட்டணமான பிரீமியம் கட்டி, சாலை, வடிகால் எல்லாம் அமைத்து, முறைப்படி மனைகளாகப் பிரிக்கலாம். ஆனால் சம்மதிப்பதும் மறுப்பதும் மாநில அரசின் விருப்பம். அதனால் ஒப்புதல் கடிதம், பிரீமியம் கட்டிய ரசீது, நகராண்மைக் கழகத்தின் திட்ட அனுமதி மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். "புரோசஸ் ஆகிக்கொண்டிருக்கிறது" என்ற பதில் வந்தால், ஆகி முடிந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே கேள்விக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'துண்டாடல்' என்ற சொல் எங்கள் ஊருக்குப் புதியதல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள்; லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் வேலையும் இல்லாமல் கூரையும் இல்லாமல் நின்றார்கள். அதற்கு மறுமொழியாகத்தான் இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 ரிங்கிட் வீதம் 100 ரிங்கிட் பங்கு வாங்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். பின்னர் சட்டத்திலும் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அன்று துண்டாடலால் வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளே இன்று துண்டு தேடி வருகிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது.

உங்கள் ஆசையில் தவறில்லை. 55 வயது கடந்துவிட்டதால், அந்த வயதுவரை சேர்ந்த சேமநிதிப் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் நீங்கள் எடுக்கலாம். அண்ணன் தம்பிகளோ மைத்துனரோ சேர்ந்து, தனி கிராண்டு உள்ள இரண்டு ஏக்கரைப் பாருங்கள். இரண்டு பேர் பெயரைச் சட்டப்படியே ஏற்றலாம். அரை ஏக்கர் ஈர்க்கைவிட அதுவே மேல்.

கேள்வி: கோலகங்சார் மாவட்டத்தில் தனி கிராண்டு உள்ள 2 ஏக்கர் செம்பனைக்காடு 180,000 ரிங்கிட்டுக்கு வருகிறது. மரத்துக்கு 24 வயது. "மாதாமாதம் வருமானம் வரும்" என்கிறார் விற்பவர். விலை தவிர வேறு என்ன செலவு? எதைச் சரிபார்க்க வேண்டும்?
— ஈப்போ வாசகி

பதில்: முதலில் மாவட்ட நில அலுவலகத்துக்கு நீங்களே போய், கிராண்டு எண்ணையும் லாட் எண்ணையும் கொடுத்து 'சாரியான் ரஸ்மி', அதாவது பதிவேட்டை அதிகாரபூர்வமாகத் தேடித் தரும் சான்றிதழ், எடுங்கள். விற்பவர் காட்டும் நகல் எந்தக் காலத்து நகலோ, யாருக்குத் தெரியும்? உங்கள் நிலம் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர் மாவட்ட அலுவலகத்தின் அருகிலேயே, 1877-இல் கொண்டுவந்து நட்ட பால்மரக் கன்றுகளின் எச்சமாக ஒரு கிழமரம் வேலிக்குள் நிற்கிறது. காத்திருக்கும் நேரத்தில் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் நான்கு இடங்களைப் படியுங்கள். 'கத்தெகோரி' என்ற இடத்தில் பெர்த்தானியான், அதாவது விவசாயம், என்று இருக்கும். 'ஷாராட் ஞாதா' என்பது வெளிப்படை நிபந்தனை. சில கிராண்டுகளில் பால்மரம் என்று மட்டும் இருக்கும், நிலத்திலோ செம்பனை நிற்கும். அது நிபந்தனை மீறல். வாங்கினால் அந்தத் தலைவலி உங்களுடையது. 'செக்காத்தான் கெப்பந்திங்கான்', அதாவது கைமாற்றத்துக்கான கட்டுப்பாடு, என்ற இடத்தில் 'தியாடா' (இல்லை) என்று இருந்தால் நல்லது. மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று இருந்தால், அந்த அனுமதிக்கான மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காவதாக, பதிவுகளின் பட்டியலில் வங்கி அடமானமோ கேவியட்டோ (பெயர்மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகை நிலமாக இருந்தால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, பெயர்மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 ரிங்கிட்டுக்கு 2 விழுக்காடு. உங்கள் விலைக்கு 1,000-மும் 1,600-மும் சேர்ந்து 2,600 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் தனி. உடன்படிக்கையின்போது 10 விழுக்காடு, அதாவது 18,000 கொடுத்து, மீதியை மூன்று மாதத்தில், தாமதமானால் வட்டியோடு இன்னும் ஒரு மாதத்தில் கொடுப்பது வழக்கம். கையெழுத்தான கையோடு உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லித் தனியார் கேவியட் போட்டுவிடுங்கள். அது ஆறு ஆண்டு நிற்கும், இடையில் இன்னொருவருக்கு விற்க முடியாது. வங்கிக் கடன் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதுபோல் விவசாய நிலத்துக்கு 90 விழுக்காடு கொடுக்க வங்கிகள் முன்வருவதில்லை.

இப்போது அந்த வருமானம். செம்பனையின் பயன்தரும் ஆயுள் சுமார் 25 ஆண்டு. 24 வயது மரம் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும்; குலை வெட்ட நீளமான கழியும் அதைத் தூக்கத் தெம்புள்ள ஆளும் வேண்டும், அந்த ஆள்தான் இன்று கிடைப்பதில்லை. இரண்டு ஏக்கரில் 110 முதல் 120 மரம் இருக்கும். அவற்றைச் சாய்த்து மறுநடவு செய்தால் முதல் குலைக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். குலையை விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமமும் தேவை. ஆகவே விற்பவர் சொல்லும் வருமானத்தை விலையில் சேர்க்காதீர்கள், மரத்தைச் சாய்க்கும் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக 2 ஏக்கர் விவசாய நிலம் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு வீடும், சனி ஞாயிறு வாடகைக்கு விட நான்கு சிறு குடில்களும் கட்ட எண்ணம். யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் கட்டடக் குத்தகைக்காரர்.
— தெலுக் இந்தான் வாசகர்

பதில்: வீடு கட்டலாம். விவசாய நிலத்தில் சொந்தக்காரரும் அங்கே வேலை செய்பவர்களும் குடியிருக்க வீடு கட்ட 115-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 0.4 ஹெக்டருக்கு மேற்படாத நிலமாக இருந்தால் ஒரே வீடு. அதைவிடப் பெரியதாக இருந்தால், குடியிருப்புக் கட்டடங்கள் அடைக்கும் இடம் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் நிலத்துக்கு அது ஏறக்குறைய 0.4 ஏக்கர், தாராளமான இடம். ஆனாலும் நகராண்மைக் கழகத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டே அடித்தளம் தோண்ட வேண்டும்.

குடில்கள் வேறு கதை. வாடகை வியாபாரம் விவசாயம் ஆகாது. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பாதி உண்மை. பக்கத்து நிலத்துக்காரருக்கும் உங்களுக்கும் ஒரு வாய்த்தகராறு வரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். புகார் போனபின் நிபந்தனை மீறலைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வரும், அபராதம் வரும், அசட்டையாக இருந்தால் நிலமே அரசுக்குப் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்போது கட்டடக் குத்தகைக்காரர் வேறு ஊரில் வேறு குடில் கட்டிக்கொண்டிருப்பார்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தின் மண்சாலை வழியாகத்தான் நாங்கள் வாங்கப்போகும் நிலத்துக்குப் போக வேண்டும். "முப்பது வருஷமாக எல்லாரும் போகிற பாதைதான்" என்கிறார்கள்.
— கூலிம் வாசகர்

பதில்: முப்பது வருடம் போனது தோட்டத்தாரின் தயவு. நிர்வாகம் கைமாறினால் ஒரே இரவில் வாசலில் இரும்புத் தடுப்பும் காவல்காரரும் வருவார்கள். இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நிலத்தின் அளவை வரைபடத்தை வாங்கி, அரசாங்கச் சாலை ஒதுக்கீடு உங்கள் எல்லையைத் தொடுகிறதா என்று பாருங்கள். சில நேரங்களில் வரைபடத்தில் சாலை இருக்கும், தரையில் அந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கும். புதர் பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம். வரைபடத்திலேயே இல்லையென்றால், நில நிர்வாகி வழங்கும் வழி உரிமைக்கு 390-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க இடம் உண்டு. விசாரணை நடக்கும், நிலத்துக்காரருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும், காலமும் ஆகும். அந்தச் சிரமத்தை விற்பவர் படட்டும். பாதை பதிவான பிறகு வாங்குங்கள்.

கேள்வி: சாலையோரமாக 3 ஏக்கர் பாதி விலைக்கு வருகிறது. மலாய் ஒதுக்கீட்டு நிலமாம், மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாதாம். மலாய் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாமா?
— பகாவ் வாசகர்

பதில்: கூடாது. நெகிரி செம்பிலானிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் பகாங்கிலும் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஆள்கிறது. பிறர் பெயரில் மறைவாக வாங்கும் ஏற்பாட்டை நீதிமன்றம் உங்களுக்காக நிறைவேற்றித் தராது. பாதி விலை அதனால்தான். நட்பையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து 42 ஆண்டாக நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டு இருந்ததால் எங்களுக்கு உரிமை வந்துவிடாதா?
— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அம்மா, இதற்கு வேறு பதில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் நிலத்தில் உரிமை பிறப்பதில்லை என்று 341-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ்நாட்டு உறவினர் யாராவது "12 வருஷம் இருந்தால் சொந்தம்" என்று சொன்னால், அது இந்தியச் சட்டம், இங்கே செல்லாது.

ஆனாலும் கையை விரித்துவிட்டு உட்கார வேண்டியதில்லை. காலி செய்ய நீதிமன்ற ஆணை வேண்டும். நிர்வாகியின் கடிதத்துக்குப் பயந்து சாமான்களை வெளியே எடுத்து வைக்காதீர்கள். அப்பாவின் வேலை அட்டை, சம்பளச் சீட்டு, ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிதம், மாற்றுவீடு பற்றி நிர்வாகம் எப்போதாவது எழுதிக் கொடுத்த வாக்குறுதி, எது இருந்தாலும் ஒரு கோப்பில் போடுங்கள். தனியாகப் போகாமல் லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து தொழிற்சங்கத்தையும், சட்ட உதவி நிலையத்தையும், சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். மாற்றுவீடு கிடைத்த இடங்களில் எல்லாம், எனக்குத் தெரிந்தவரை, உரிமை என்று கேட்டுக் கிடைக்கவில்லை. ஒன்றாக உட்கார்ந்து பேசிக் கிடைத்தது.

கேள்வி: கணவர் சுங்கை சிப்புட் பக்கம் நிலம் வாங்கிக் குடிபோகலாம் என்கிறார். நான் பட்டணத்தில் பிறந்தவள். தோட்டப்புறத்தில் என்னால் இருக்க முடியுமா?
— பூச்சோங் வாசகி

பதில்: உங்கள் கணவர் நினைத்துக்கொண்டிருக்கும் தோட்டம் இப்போது அங்கே இல்லை, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிறட்டு மணியும், ஒட்டுப்பால் வாடையும், திருவிழாவுக்கு ஆயிரம் பேர் கூடிய கோயில் திடலும் அவர் நினைவில் இருக்கும். இப்போது பல லயங்கள் காலி. வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். நம் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள்.

ஆனால் ஊர் வசதியில்லாத ஊர் அல்ல. மருத்துவமனை இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோலாலம்பூருக்குப் போகும் இ.டி.எஸ். மின்சார ரயில் நிற்கிறது, ஈப்போ அரைமணி நேரத்துச் சாலை. நிலத்துக்குள் போனால்தான் கணக்கு மாறும். குழாய்த் தண்ணீர் பெருஞ்சாலையோடு நின்றிருந்தால் உள்ளே இழுக்கும் செலவு உங்களுடையது, மின்கம்பத்துக்கும் அப்படியே. குப்பை அள்ள வண்டி வராது. இரவில் காட்டுப்பன்றி வந்து மரவள்ளியை உழுதுவிட்டுப் போகும். பிளுஸ் ஆற்றுப் பக்கம் தாழ்ந்த நிலமாக இருந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் எல்லா நிலமும் மேட்டு நிலம்போலத்தான் தெரியும்.

என் யோசனை, வாங்குவதற்கு முன் ஊரில் ஒரு வாடகை வீடு எடுத்து ஆறு மாதம் இருங்கள். மாலை ஆறரைக்கு மேல் பேச்சுத் துணைக்கு யார் என்று பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்களுக்குப் பிடித்துப்போய்க் கணவருக்குச் சலித்துப்போகவும் வாய்ப்புண்டு. அப்படி நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எல்லைக் கல்லைப் பார்க்காமல் நிலம் வாங்காதே என்கிறார் மாமா. கிராண்டில் அளவு இருக்கும்போது கல் எதற்கு?
— தஞ்சோங் மாலிம் வாசகர்

பதில்: மாமா சொல்வதைக் கேளுங்கள். கிராண்டு எண் எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் அது தற்காலிக உரிமைப் பத்திரம்; இறுதி அளவைக்குப் பிறகு பரப்பு கூடலாம், குறையலாம். நிரந்தரக் கிராண்டாகவே இருந்தாலும், தாளில் உள்ள கோடு தரையில் எங்கே விழுகிறது என்பதை உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் காட்ட முடியும்.

நில அலுவலகத்திலேயே உத்தியோகம் பார்த்த நான், என் சொந்த நிலத்தை வாங்கியபோது இதைச் செய்யவில்லை. விற்றவர் கையை நீட்டி, "அந்த டுரியான் மரம் வரைக்கும்" என்றார். நானும் அந்த மரத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். நான்கு ஆண்டு கழித்துப் பக்கத்து நிலத்துச் சீனப் பெரியவர் அளவையாளரை அழைத்து வந்தபோது, பெரணிப் புதருக்குள் மண்ணை விலக்கிக் கல்லைக் காட்டினார்கள். மரம் என் எல்லைக்கு 11 அடி வெளியே நின்றது. நான்தான் நான்கு ஆண்டாக அதற்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். கிளை என் பக்கம் சாய்ந்திருப்பதால் பழம் பாதி இப்போதும் என் நிலத்தில்தான் விழுகிறது. பொறுக்கிக் கூடையில் போட்டு அவர் வாசலில் வைத்துவிட்டு வருவேன். மாலைக்குள் பாதிக் கூடை திரும்பி வந்துவிடும்.